உப்பு கேட்ட கிருமி

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் அப்பா ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்: "நான் மீன் புடிக்கிறேன், எம் பொண்ணு பூச்சி புடிக்குது." கடலூருக்குத் தெற்கே, கடலை ஒட்டிய எங்கள் ஊரில் இதைக் கேட்டுச் சிரிக்காத ஆளில்லை. அம்மாவுக்கு மட்டும் பிடிக்காது. கூடையில் மீன் கொண்டுபோய் விற்கும் தெருக்களில் அவள் எனக்கு வேறு பதவி கொடுத்து வைத்திருக்கிறாள். "எம் பொண்ணு சிதம்பரத்துல டாக்டருக்கே சொல்லித்தரா" என்பாள். நான் டாக்டருக்குச் சொல்லித்தருவதில்லை. டாக்டர் கேட்பதற்குப் பதில் சொல்கிறேன். அந்த வித்தியாசத்தை அவளுக்குப் புரியவைக்க முயன்று விட்டுவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய், படித்து முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அதற்குப் பிறகு மருத்துவ ஆய்வகப் படிப்பு. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது, பெருமையாகவே சொல்வேன். வெள்ளைக் கோட்டை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, அப்பா அதைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். வலை காயப்போட்ட கை. எவ்வளவு கழுவினாலும் அந்த வாசனை போகாது. கோட்டின் காலரில் அன்று ஒட்டிய மீன் வாசனையோடுதான் முதல் நாள் வேலைக்குப் போனேன்.

இதை எழுதக் காரணம் ஒரு கால். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து மனிதர் ஒருவரின் இடது கால். அதைச் சொல்வதற்கு முன் நாங்கள் கிருமியை எப்படி அடையாளம் காண்கிறோம் என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், கஷ்டமில்லை.

புண்ணிலிருந்து எடுத்த சீழைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லப் பூசுவோம். காய்ந்ததும் முதலில் ஊதாச் சாயம், பிறகு அயோடின், பிறகு ஸ்பிரிட் ஊற்றிக் கழுவல், கடைசியில் சிவப்புச் சாயம். ஸ்பிரிட் ஊற்றும் அந்தச் சில நொடிகளில்தான் எல்லாம் முடிவாகிறது. சில கிருமிகள் ஊதாவை விடாமல் பிடித்துக்கொள்ளும். அவை கிராம் பாசிட்டிவ். சில உடனே விட்டுவிட்டு, அடுத்து வரும் சிவப்பை ஏற்று ரோஸ் நிறமாகத் தெரியும். அவை கிராம் நெகட்டிவ். நெகட்டிவ் என்றால் கிருமியே இல்லை என்று நினைத்து, ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் சாமி கும்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் எங்களை அதிகம் அலைக்கழிப்பது இந்த நெகட்டிவ் கூட்டம்தான். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி ரோஸ் குச்சிகள். எது குடலில் இருந்து வந்தது, எது சாக்கடையில் இருந்து, எது ஆஸ்பத்திரிக் குழாயில் இருந்து என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அதனால் அவற்றுக்குச் சோறு போட்டுப் பார்க்கிறோம். மெக்கான்கி என்று ஒரு பிளேட், கூழ் உறையவைத்த வட்டத் தட்டு. அதில் பால் சர்க்கரை இருக்கும். அந்தச் சர்க்கரையைத் தின்கிற கிருமி ரோஸ் நிறப் புள்ளியாக வளரும். தின்னாதது வெளிறிக் கிடக்கும். பக்கத்திலேயே ரத்தம் கலந்த இன்னொரு பிளேட், அதில் எல்லாமே வளரும். பழகப் பழக ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருப்பது தெரிய வரும். கிளெப்சியெல்லா வெண்டைக்காய் மாதிரி வழுவழுவென்று இழுபடும். சூடோமோனாஸ் பச்சையாக, திராட்சை வாசனையோடு வரும். புரோட்டியஸ் ஓரிடத்தில் நிற்காது. அலை பின்வாங்கிய மணல்போல வரி வரியாகப் பிளேட் முழுக்கப் பரவிவிடும். அதை முதல்முறை பார்த்தபோது எங்கள் ஊர்க் கரையே கண்ணாடிக்குள் இருப்பதாகத் தோன்றியது.

நான் வேலை பார்ப்பது சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் எங்கள் கல்ச்சர் அறையில் மூன்று பேர். பொறுப்பு டாக்டரான மேடம், மூத்த டெக்னீஷியன், நான். மூத்தவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஆள் கெட்டிக்காரர், கை சுத்தம், வாய் மட்டும் நீளம். அவர் வைத்திருந்த ஒரு வழக்கம் எங்கள் அறையின் சட்டமாகவே ஆகியிருந்தது: மெக்கான்கியில் ரோஸ் வந்தால் ஆக்சிடேஸ் போடத் தேவையில்லை.

ஆக்சிடேஸ் என்பது சின்னச் சோதனை. மருந்து நனைத்த தாளில் கிருமியைத் தேய்த்தால், சில ஜாதிகளுக்கு உடனே ஊதாவாக மாறும், சிலவற்றுக்கு மாறாது. பால் சர்க்கரை தின்கிறவை பெரும்பாலும் குடலில் வாழும் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்துக்கு ஆக்சிடேஸ் கிடையாது. அப்படியிருக்க எதற்கு ஒரு தாளை வீணாக்குவது? டப்பாவைத் திறந்தால் எங்கள் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு அந்தத் தாள்கள் சீக்கிரம் கெட்டும் போகும். அண்ணன் சொன்னது சோம்பேறித்தனம் இல்லை, அனுபவம். வருகிற ரோஸ் எல்லாம் அநேகமாக இ.கோலையாகவோ கிளெப்சியெல்லாவாகவோதான் இருக்கும். அவர் வழக்கம் தவறியதை நான் அதுவரை பார்த்ததில்லை.

மாசி மாதம். மாசி மகம் முடிந்து ஓரிரு நாள் ஆகியிருந்தது. காலையில் அறுவைச் சிகிச்சை வார்டிலிருந்து ஒரு ஸ்வாப், புண்ணைத் துடைத்தெடுத்த பஞ்சுக் குச்சி, வந்தது. கூட வந்த சீட்டில் இருந்தது: விவசாயி, சர்க்கரை நோய், வயலில் முள் குத்தி இடது பாதத்தில் புண். கொஞ்ச நேரத்தில் சர்ஜன் மேடத்துக்குப் போன் செய்தார். மேடம் பேசியதிலிருந்தே எங்களுக்கு விஷயம் புரிந்தது. பாதம் வீங்கி, கறுத்த கொப்புளங்கள் வந்திருக்கின்றன. ஊசி போய்க்கொண்டிருக்கிறது, வீக்கம் இறங்கவில்லை. சர்க்கரைக்காரர்கள் காலில் வழக்கமாக வருகிற குடல் கிருமி என்றால் மருந்தை மாற்றிப் பார்க்கலாம், கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. வேறு ஏதாவது என்றால் கணுக்காலோடு எடுக்க வேண்டிவரும். என்ன கிருமி என்று சீக்கிரம் சொல்லுங்கள் என்றார்.

ஸ்லைடு போட்டது நான். ரோஸ் குச்சிகள். சில இடங்களில் லேசாக வளைந்திருப்பதாகத் தோன்றியது. வாக்கியத்தில் போடும் காற்புள்ளி மாதிரி.

"அண்ணா, இது வளைஞ்சிருக்குது பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். "ஸ்லைடு காயறப்ப வளைஞ்சிருக்கும். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்ப பாத்தா எனக்கு எதிர்ல இருக்கற நீகூடத்தான் வளைஞ்சி தெரியற."

"நான் வளைய மாட்டேண்ணா."

"அதான் தெரியுதே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மறுநாள் காலை பிளேட்டைத் திறந்தால் மெக்கான்கியில் ரோஸ். ரத்தப் பிளேட்டில் சாம்பல் நிறம். அண்ணன் தூரத்திலிருந்தே, "இ.கோலை. மத்த டெஸ்டெல்லாம் போட்டு வை, எந்த மருந்து கேக்குதுன்னு டிஸ்கும் வெச்சிரு" என்றார். எனக்கு அந்தக் காற்புள்ளிகள் மனசை விட்டுப் போகவில்லை. இன்னொன்றும் இருந்தது. இ.கோலைக்கு ஒரு வாடை உண்டு. தினமும் பிளேட் திறப்பவர்களுக்கு அது பழகிய வாடை. இந்தப் பிளேட்டில் அது இல்லை. இதையெல்லாம் யாரிடமும் சாட்சியாகச் சொல்ல முடியாது. வாடை இல்லை என்று ரிப்போர்ட் எழுத முடியுமா?

ஆக்சிடேஸ் தாளை எடுத்தேன். அண்ணன் பார்த்துவிட்டார்.

"ரோஸுக்கு எதுக்கும்மா அது?"

"சும்மா ஒரு சந்தேகத்துக்கு."

"ஒன் சந்தேகத்துக்கு ஒரு டப்பா போதாது. சரி, போடு. பாப்போம்."

குச்சியால் மெக்கான்கியிலிருந்து ஒரு ரோஸ் புள்ளியைத் தொட்டு எடுத்துத் தாளில் தேய்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். நிறம் மாறவில்லை. அண்ணன் தன் பிளேட்டுகளைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் சிரிப்பில் லேசாகக் குலுங்கியது.

நான் அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு மற்ற வேலையைத் தொடங்கினேன். குழாய்களை அடுக்கும்போதுதான் நினைவு வந்தது. பால் சர்க்கரையைத் தின்கிற கிருமி தன்னைச் சுற்றிப் புளிப்பை உண்டாக்கும். அந்தப் புளிப்பால்தான் பிளேட்டே ரோஸ் ஆகிறது. அதே புளிப்பு ஆக்சிடேஸ் தாளில் ஊதா வருவதையும் தடுத்துவிடும். மெக்கான்கியிலிருந்து எடுத்து ஆக்சிடேஸ் போடாதே என்று படித்த முதல் வருடத்திலேயே சொல்லித்தந்திருக்கிறார்கள். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ரோஸுக்கு ஆக்சிடேஸே போடாத அறையில் அந்தப் பாடத்துக்கு வேலை வராமல் போயிருந்தது.

இந்த முறை ரத்தப் பிளேட்டிலிருந்து எடுத்தேன். அதே கிருமி, அதே குச்சிக் கட்டிலிருந்து இன்னொரு குச்சி. தாளில் தேய்த்துக் கையை எடுப்பதற்குள் கத்தரிப்பூ நிறம் வந்துவிட்டது.

"அண்ணா."

அவர் வந்தார். தாளைப் பார்த்தார். ரத்தப் பிளேட்டைப் பார்த்தார். பிறகு தானே ஒரு குச்சியை எடுத்துத் தேய்த்தார். மறுபடியும் ஊதா. "மேடத்த கூப்புடு" என்றார். அவர் குரலில் கிண்டல் இல்லை.

மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஸ்லைடை நெடுநேரம் பார்த்தார். "ரெண்டுல ஒண்ணு" என்றார். "ஏரி, குளம், வயல் தண்ணியில இருக்கற ஏரோமோனாஸ். இல்லன்னா கடல் தண்ணியில இருக்கற விப்ரியோ. ஸ்ரீமுஷ்ணத்துக்காரர்னா மொதல் ஆளாத்தான் இருக்கணும். ஆனா..." என்று நிறுத்தினார்.

அந்த ஆனாவில்தான் அந்த மனிதரின் கால் இருந்தது. காயத்துக்குள் போன கடல் விப்ரியோ, சர்க்கரை உடம்பில் நின்று நிதானமாக வேலை செய்யாது, மணிக்கணக்கில் பரவிவிடும். அதற்கு ஊசியோடு இன்னொரு மருந்தும் சேர்க்க வேண்டும், அன்றைக்கே கத்தி வைத்துக் கெட்ட சதையை எடுத்துவிட வேண்டும். இரண்டையும் பிரித்துக் காட்ட எளிய வழி உப்பு. உப்புப் போடாத குழாய் ஒன்று, உப்புப் போட்ட குழாய் ஒன்று. ஏரிக்காரக் கிருமிக்கு உப்பு இல்லாமலும் வளர முடியும். கடல்காரிக்கு உப்பு வேண்டும். ஆனால் வளர்ந்து தெரிய மறுநாள் காலை ஆகும்.

"கொழா நாளைக்குச் சொல்லிரும்" என்றார் மேடம். "கால் நாளைக்கு வரைக்கும் இருக்குமான்னு தெரியல. நீ வார்டுக்குப் போ. இன்னொரு ஸ்வாப் எடுத்தா மாதிரியும் ஆச்சு. எந்தத் தண்ணியில கால் வெச்சாருன்னு கேட்டுட்டு வா."

நான் வார்டுக்குப் போனேன். ஐம்பதைத் தாண்டிய மனிதர், மேல் சட்டை இல்லாமல் படுத்திருந்தார். பக்கத்தில் மனைவி. காலைத் துணியால் மூடியிருந்தார்கள். என் கோட்டைப் பார்த்து அந்த அம்மா எழுந்தார்.

"டாக்டரம்மா, கால எடுத்துருவாங்களா?"

"அதுக்குத்தான் வந்துருக்கேன்மா. எடுக்காம இருக்க முடியுமான்னு பாக்கணும். முள்ளு எங்க குத்திச்சி?"

"வயல்லதான்."

"என்ன பயிர் வெச்சிருக்கீங்க?"

"உளுந்து" என்றார் அவர். "கரும்பு" என்றார் அந்த அம்மா. இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன. அடுத்த கட்டிலில் கையில் கட்டோடு இருந்தவர் கண்ணைத் திறக்காமலே, "ரெண்டையும் ஒண்ணா கலந்து வெதச்சிருப்பாங்க" என்றார்.

அந்த அம்மா அவரை முறைத்தார். நான் ஸ்வாப் எடுக்கக் குனிந்தேன். அப்போதுதான் கால்புண்காரரின் வலது தோளைப் பார்த்தேன். கழுத்தோடு சேரும் இடத்தில் கறுப்பாக, தடித்த காய்ப்பு. மண்வெட்டி பிடித்தால் கையில் காய்க்கும், மூட்டை தூக்கினால் முதுகில். தோளில் அந்த இடத்தில் காய்க்க வேண்டுமானால் அங்கே நாளெல்லாம் ஒரு தண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு அது புதிதில்லை. மாசி மகத்தன்று எங்கள் கடற்கரைக்கும் சுற்று ஊர்ச் சாமிகளெல்லாம் குளிக்க வரும். பல்லக்குக்குக் கீழே வரிசையாக அந்தத் தோள்கள் வரும். சின்ன வயதில் நாங்கள் சாமியைவிட அவற்றைத்தான் பார்ப்போம், கண்மட்டத்துக்கு அருகில் இருப்பவை அவைதானே.

ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் மாசி மகத்துக்கு எங்கே போவார் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஊர் ஊராக நின்று, கிள்ளையில் தர்காக்காரர்களின் மரியாதையை ஏற்றுக்கொண்டு, கடலில் தீர்த்தவாரி.

ஆஸ்பத்திரியில் நான் பேசுகிற பேச்சு ஒன்று உண்டு. படித்த பேச்சு. அதை விட்டுவிட்டு எங்கள் வீட்டுப் பேச்சில் கேட்டேன். "மாமா, கிள்ளைக்குப் போனீங்களா?"

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா முந்திக்கொண்டார். "போனா என்னம்மா? வருசா வருசம் போறதுதான். அதுக்கும் இதுக்கும் என்னா இருக்குது?"

"தண்ணியில எறங்குனாரா?"

"சாமி எறங்கறப்ப தூக்கறவரு மேல நிப்பாரா?" கோபமாக ஆரம்பித்த குரல் பாதியிலேயே தணிந்துவிட்டது. அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்: "அதச் சொல்லாத பாப்பா. தீர்த்தத்துல எறங்குன கால்லயே நோவு வந்துச்சின்னு எழுதுனா ஊர் என்னா பேசும்? இவரு சுத்தமில்லாம தூக்கிட்டாரு, அதான் சாமி காலப் புடிச்சிச்சின்னு சொல்லுவாங்க. அப்பறம் இவர தோள் குடுக்க விடுவாங்களா?"

பொய்க்குக் காரணம் அதுதான். காலைக் காப்பாற்ற இல்லை, காலை வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய ஒன்றைக் காப்பாற்ற. முள் என்று சொன்னால் யாருக்கும் பழி இல்லை.

சாமியைப் பற்றிச் சொல்ல என் படிப்பில் ஒன்றும் இல்லை. கடலைப் பற்றி இருந்தது, படிப்பில் பாதி, வீட்டில் பாதி.

"எங்கப்பா கடலுக்குப் போறவருதான்" என்றேன். "அந்தத் தண்ணியிலதான் எங்களுக்குச் சோறு. அதுல சாமியும் குளிக்குது, மீனும் இருக்குது, நண்டும் இருக்குது. கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் இருக்குது. நண்டு கடிச்சா சாமி கடிக்க வெச்சிச்சின்னா சொல்லுவோம்? இது சின்ன நண்டுன்னு வெச்சிக்கங்க. புண்ணு இருக்கற கால்ல நுழைஞ்சிரும். சக்கர இருந்தா ஜாஸ்தியா தின்னும். சுத்தமா இருந்தாரா இல்லியான்னு அது பாக்காது."

அடுத்த கட்டில்காரர், "சொல்லிடுங்க மச்சான். நண்டுதானாம்" என்றார்.

பல்லக்குக்காரர் கூரையைப் பார்த்தபடி சொன்னார். "முள்ளு இல்லம்மா. தண்ணிக்குள்ள சிப்பி. இடுப்பளவு தண்ணி, கீழ தெரியாது. மிதிச்சதும் கிழிச்சிருச்சி. குனிஞ்சி பாக்க முடியல, தோள்ல சாமி. கால மாத்தி வெச்சா பல்லக்கு ஒரு பக்கம் சாஞ்சிரும். அதுமேலயே நின்னேன், தீர்த்தவாரி முடியற வரைக்கும்." தோளைத் தடவிக்கொண்டே, "அப்பறம் அதே காலோட தூக்கிட்டு வந்தேன்" என்றார். அதைச் சொல்லும்போது குரலில் வலி இல்லை. என் அப்பா புயலில் கட்டுமரத்தைக் கரை சேர்த்த கதையைச் சொல்லும்போது வரும் குரல்.

"இனிமே தோள் குடுக்க முடியுமா?" என்று என்னைக் கேட்டார். கால் இருக்குமா என்று அவர் கேட்கவே இல்லை.

எனக்குத் தெரியாது என்று உண்மையைச் சொல்லிவிட்டு, படிக்கட்டில் ஓடினேன்.

மேடம் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே போனை எடுத்துவிட்டார். சர்ஜனிடம் அவர் பேசியது சில வரிதான். உறுதியாகச் சொல்ல நாளை ஆகும், ஆனால் கடல் தண்ணீர்க் காயம், ஆக்சிடேஸ் பாசிட்டிவ், வளைந்த கிருமி, காத்திருக்க வேண்டாம் என்றார். மருந்து சேர்ந்தது. மதியத்துக்குள் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். எங்களுக்கு அதற்கு மேல் வேலை இல்லை. கல்ச்சர் அறையில் இருப்பவர்களுக்குக் கதையின் நடுப்பகுதி மட்டும்தான் கிடைக்கும். அன்று கடலூர் பஸ்ஸில் ஊர் திரும்பும்போது பரங்கிப்பேட்டைக் கைகாட்டியைத் தாண்டும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே எதையும் பார்க்கவில்லை.

வீட்டில் அம்மாவிடம் சொன்னதுதான் தப்பு. சாமி வந்து குளித்த கடலில் கிருமி என்றதும் கூடையைக் கீழே வைத்துவிட்டாள்.

"கடலப் பத்தி அப்பிடியா எழுதுன?"

"எழுதல. நாளைக்குத்தான் எழுதணும்."

"எங்கம்மா காலத்துலருந்து காயம்பட்டா கடத்தண்ணியிலதான் கழுவறோம். செத்தா போயிட்டோம்? ஒன் உள்ளங்கால்ல ஆணி ஏறுனப்போ யாரு எங்க கொண்டுபோய் கழுவுனாங்கன்னு நெனச்ச?"

"எனக்கு அப்ப சக்கர இல்லம்மா. ஒனக்கு இப்ப இருக்குது. ஒன் குதிகால் வெடிப்பக் காட்டு."

காட்டவில்லை. "படிக்க வெச்சா கடல்லயே குத்தம் கண்டுபுடிக்குது" என்று அப்பாவிடம் முறையிட்டாள். அப்பா வலைக்கயிற்றில் முடிச்சுப் போட்டபடி, "நாந்தான் சொன்னேனே, பூச்சி புடிக்குதுன்னு. நம்ம தண்ணியிலயே புடிக்கும்னு எனக்கென்னா தெரியும்" என்றார். அம்மா அன்று இரவு எனக்குக் குழம்பில் மீன் துண்டு குறைவாகத்தான் வைத்தாள். ஆனால் மறுநாள் காலை அவள் ரப்பர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன்.

காலையில் குழாய்களை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தோம். உப்பில்லாத குழாய் கிணற்றுத் தண்ணீர்போலத் தெளிந்து கிடந்தது. பின்னாலிருந்த அண்ணனின் முகம் அதன் வழியாகத் தெரிந்தது. உப்புப் போட்ட குழாய் அரிசி கழுவிய தண்ணீர்போலக் கலங்கியிருந்தது. என்ன போட்டாலும் வேண்டாமென்று சும்மா கிடந்து, உப்பைக் கண்டதும் வீடு வந்து சேர்ந்ததுபோலப் பெருகியிருந்தது. சொல்லக்கூடாது, எனக்கு அதன்மேல் கொஞ்சம் பாசம்கூட வந்தது. வெளியூரில் தங்கிப் படித்த நாட்களில் விடுதிச் சாப்பாட்டில் உப்பே இல்லையென்று அழுதவள் நான்.

"விப்ரியோதான்" என்றார் மேடம். அண்ணன் இரண்டு குழாயையும் ஸ்டாண்டில் வைத்துவிட்டு, ஆக்சிடேஸ் டப்பாவை அலமாரி உள்தட்டிலிருந்து எடுத்து மேசைமேல் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார். "இனிமே ரோஸுக்கும் போடுவோம். ரத்தப் பிளேட்லருந்து எடு. மெக்கான்கிலருந்து எடுத்தன்னு வெச்சிக்க, மறுபடியும் சிரிப்பேன்." அந்த வழக்கம் இன்றுவரை இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு அவரே, தான் கண்டுபிடித்ததுபோலச் சொல்லித்தருகிறார். எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். கொஞ்சம் இருக்கிறது.

ரிப்போர்ட்டை நான் தட்டச்சு செய்தேன். மேடம் கையெழுத்திட்டார். காயம் எப்படி வந்தது என்ற இடத்தில் 'கடல் நீரில் சிப்பி கிழித்தது' என்று போட்டேன். எந்த ஊர்க் கடல், எதற்காக இறங்கினார் என்பது அதில் இல்லை. மருந்துக்கு அது தேவையில்லை.

அவருக்குச் சுண்டுவிரலும் அடுத்த விரலும் போயின. கால் நின்றது. ஆற நெடுநாள் ஆயிற்று. வீட்டுக்குப் போகும் முன் அந்த அம்மா எங்கள் அறையைத் தேடி வந்து கதவருகில் நின்றார். உள்ளே வரக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். "தூக்கலாம்னு பெரிய டாக்டரு சொல்லிட்டாரு பாப்பா. கடல்ல மட்டும் எறங்கக் கூடாதாம். கால்ல ஈரம் படக் கூடாதாம்." பாதி சந்தோஷம், பாதி கவலை. தீர்த்தவாரிக்கு இறங்காத பல்லக்குக்காரர் என்று ஒருவர் உண்டா?

அடுத்த மாசி மகத்துக்கு நான் விடுப்புப் போட்டேன். எங்கள் ஊர்க் கரைக்கே எத்தனையோ சாமிகள் வரும் நாளில் கிள்ளைக்கு ஏன் போகிறாய் என்று அம்மா கேட்கக் கேட்கச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். சிதம்பரத்திலிருந்து கூட்டமான பஸ். வெயில். கடலைப் பார்க்கும் முன்பே நாதஸ்வரம் கேட்டது.

பல்லக்கு மணலில் வந்தது. வலது பக்க முன்தண்டில் அவர் இருந்தார். நடையில் ஒரு சிறு சாய்வு, தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். ஈர மணல் தொடங்கும் இடத்தில் பல்லக்கு ஒரு கணம் நின்றது. ஓர் இளம் ஆள் தண்டுக்குக் கீழே தோளைக் கொடுக்க, அவர் குனிந்து வெளியே வந்தார். பல்லக்கு சாயவில்லை. அது அப்படியே கடலுக்குள் இறங்கியது. அவர் காய்ந்த மணலில் நின்றுவிட்டார்.

தூக்கியவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்துக் கத்தினார். "என்னா மச்சான், தண்ணிக்குப் பயமா?"

"சாமிக்கு உப்பு ஒத்துக்குது. எனக்கு ஒத்துக்கல. போடா, முன்னாடி பாத்துத் தூக்கு" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாரும் வேறு எதுவும் சொல்லவில்லை. தீர்த்தவாரி முடிந்ததும் அந்த அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடலில் இறங்கி, ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தார். அவர் தலையைக் குனிந்து காட்டினார். அந்த அம்மா கையில் கொஞ்சமாக எடுத்து உச்சியில் தெளித்தார். போதவில்லை என்று தோன்றியதோ என்னவோ, சொம்பை அப்படியே கவிழ்த்துவிட்டார்.

தண்ணீர் நெற்றியில், தோள் காய்ப்பில், முதுகில் வழிந்து கீழே இறங்கியது. அவர் கைகூப்பிக் கண்ணை மூடியிருந்தார். இடது காலை மட்டும் கொக்குபோலத் தூக்கி, தண்ணீர் படாமல் வைத்துக்கொண்டு நின்றார்.